ஃபுட்பால் மேனேஜரில் அணி கட்டுவது எப்படி: நட்சத்திரத்தை விட்டுப் பண்பு எண்களைப் படிக்கும் முறை

மூன்று நட்சத்திரக்காரரை விற்று நான்கு நட்சத்திரக்காரரை வாங்கிய பிறகு அணி முன்பைவிட மோசமாக ஆடுகிறதா? கேமைத் திட்டுவதற்கு முன் அந்த நட்சத்திரம் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். அது உங்கள் பயிற்சியாளர் குழுவின் கருத்து, அவ்வளவுதான். உங்கள் அணியில் ஏற்கெனவே இருப்பவர்களோடு ஒப்பிட்டுப் போடப்படும் மதிப்பு அது. கணிக்கத் தெரியாத பயிற்சியாளர் போட்டால் அதுவும் தப்பும். நீங்கள் வகுத்திருக்கும் ஆட்டமுறைக்கு இவர் ஒத்துவருவாரா என்ற கேள்விக்கு நட்சத்திரத்தில் விடை கிடையாது. விடை இருப்பது பண்பு எண்களில்.

இங்கே எடுத்துக்கொள்வது லண்டனின் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் உருவாக்கும் ஃபுட்பால் மேனேஜர், அதாவது நீங்களே மேனேஜராக இருந்து ஒரு கால்பந்து அணியை நடத்தும் கேம். 2023 நவம்பரில் வந்த 24ஆம் பதிப்பையும், 2025 நவம்பரில் வந்த 26ஆம் பதிப்பையும் மனதில் வைத்து எழுதியது. 25 ரத்தானதால் அந்தப் பேச்சே இல்லை.

எண்களுக்குப் பின்னால் ஒரு பணப்பை

கோல்கீப்பர் தவிர்த்த ஒவ்வொரு வீரருக்கும் திரையில் 36 பண்புகள் தெரியும். நுட்பம் 14, மனம் 14, உடல் 8. எல்லாமே 1 முதல் 20 வரை. இவற்றுக்குப் பின்னால், திரையில் தெரியாமல், 1 முதல் 200 வரை இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று இன்றைய திறன், மற்றது அவர் எட்டக்கூடிய உச்சம்.

இன்றைய திறனை ஒரு பணப்பையாக நினைத்துக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். பெரும்பாலான பண்புகள் அந்தப் பையிலிருந்து ஒரு விலை எடுக்கின்றன. விலை ஆடும் இடத்தைப் பொறுத்து மாறும். ஸ்ட்ரைக்கருக்கு ஃபினிஷிங் அதிக விலை, சென்டர் பேக்குக்கு அதுவே மலிவு. இரண்டு கால்களும் சமமாக வருவது நல்ல வரம்தான், ஆனால் அந்த வரத்துக்கும் பையிலிருந்து நிறையவே போகிறது. அதனால் ஒரே திறன் எண் கொண்ட இரண்டு பேரில், இரண்டு காலும் வருபவருக்கு மற்ற எண்கள் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். அந்த இரண்டாவது கால் உங்களுக்குத் தேவையா? நெருக்கடிக்குள் பந்து வாங்கும் நடுக்கள ஆட்டக்காரருக்கு நிச்சயம் தேவை. கோட்டை ஒட்டியே ஓடி இடது காலால் கிராஸ் போடும் லெஃப்ட் பேக்குக்கு அது வீண் செலவு.

டிடர்மினேஷன், அதாவது விடாப்பிடியான மனவுறுதி, பையைத் தொடுவதில்லை. அதில் 17 வைத்திருப்பவர் உங்களுக்கு இலவசமாக ஒன்றைக் கொண்டுவருகிறார்.

முதல் படி: ஆளைப் பார்க்கும் முன் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில் பதினோரு இடங்களையும் எழுதுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே இரண்டு கட்டம்: பந்து நம்மிடம் இருக்கும்போது என்ன வேலை, இல்லாதபோது என்ன வேலை. 26ஆம் பதிப்பில் இந்தப் பிரிவை கேமே செய்துவிட்டது, ஒவ்வொருவருக்கும் இரண்டு ரோல்கள். 24இல் ஆடுபவர்கள் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒவ்வொரு வேலைக்கும் மூன்று முதல் ஐந்து பண்புகளை மட்டும் எழுதுங்கள். ரோலைத் தேர்ந்தெடுத்தால் கேம் தானாகவே பத்துப் பன்னிரண்டு பண்புகளுக்கு வண்ணம் பூசிக் காட்டும். அது பொதுவான சிபாரிசு. பன்னிரண்டும் முக்கியம் என்று எடுத்துக்கொண்டால் எதுவுமே முக்கியமில்லை என்றாகிவிடும்.

4-2-3-1 அமைப்பில், பந்து போன நொடியே எதிராளியை நெருக்கும் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பத்துப் பேருக்கும் பொதுவான தேவை: வொர்க் ரேட், ஸ்டாமினா, டீம்வொர்க். இதில் ஒருவர் சோம்பேறி என்றால் நெருக்கும் வளையத்தில் ஓட்டை விழும், மற்ற ஒன்பது பேரின் ஓட்டமும் வீணாகும். பின்வரிசை மேலேறி நிற்பதால் சென்டர் பேக் இருவருக்கும் பேஸ், ஆக்சிலரேஷன், ஆன்டிசிபேஷன் (அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டியே ஊகிப்பது). கோல்கீப்பர் பெனால்டி பெட்டிக்கு வெளியே வந்து பந்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதால் ஆக்சிலரேஷன், டிசிஷன்ஸ் (முடிவெடுக்கும் திறன்), ஃபர்ஸ்ட் டச் (வரும் பந்தை முதல் தொடுதலிலேயே அடக்குவது), பாஸிங். ஸ்ட்ரைக்கர்தான் முதல் தடுப்பாளர் என்பதால் அவருக்கு ஆன்டிசிபேஷனும் அக்ரஷனும் சேரும்.

மாறாக, பெட்டிக்கு முன்னால் கூட்டமாக நின்று தடுத்து, கிடைத்த பந்தை நீளமாக அனுப்பும் ஆட்டம் என்றால் இந்தப் பட்டியல் தலைகீழாகும். அப்போது பொசிஷனிங், மார்க்கிங், கான்சன்ட்ரேஷன், ஹெட்டிங் ஆகியவைதான் பின்வரிசையின் சோறு.

இரண்டாம் படி: தனி எண்ணை நம்பாதீர்கள், ஜோடியாகப் படியுங்கள்

புதிதாக ஆடுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். தனியே நின்று வேலை செய்யும் பண்புகள் மிகக் குறைவு. பெரும்பாலானவை இன்னொன்றின் தோளைப் பிடித்துத்தான் நடக்கும்.

விஷனும் பாஸிங்கும் முதல் ஜோடி. விஷன் என்பது எங்கே இடைவெளி இருக்கிறது என்று காணும் கண். பாஸிங் என்பது அங்கே பந்தைக் கொண்டுசேர்க்கும் கால். விஷன் 17, பாஸிங் 10 என்றால் அவர் ஆசைப்படுவதை அவர் கால் நிறைவேற்றாது, ஆட்டத்துக்குப் பத்து முறை பந்தை எதிராளிக்குத் தானம் செய்வார். விஷன் 10, பாஸிங் 17 என்றால் துல்லியமாக ஆடுவார், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கே கொடுத்துக்கொண்டிருப்பார். பின்னாலிருந்து ஆட்டத்தைக் கட்டுபவருக்கு இரண்டாம் வகை பரவாயில்லை. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று வாய்ப்புகளை உருவாக்கும் பத்தாம் எண் இடத்தில் அவர் எதற்கும் உதவமாட்டார்.

ஜம்பிங் ரீச் என்பது தலை எட்டும் உயரம். ஹெட்டிங் என்பது எட்டிய பந்தை எங்கே அனுப்புகிறார் என்பது. 18-க்கு 8 என்ற ஜோடி தடுப்பாட்டத்தில் ஓடிவிடும். பந்து எங்கே போனாலும் சரி, ஆபத்து நீங்கினால் போதும். அதே ஆளைக் கார்னருக்கு முன்னே அனுப்பினால் பந்து பார்வையாளர் மாடத்துக்குத்தான் போகும். இவற்றோடு பிரேவரியையும் பார்க்க வேண்டும். அது 6 என்றால் உயரம் இருந்தும் மோதலுக்குள் தலையை விடமாட்டார்.

வொர்க் ரேட் என்பது ஓட மனம். ஸ்டாமினா என்பது ஓட மூச்சு. மனம் 17, மூச்சு 10 உள்ளவர் அறுபதாவது நிமிடத்தில் சோர்ந்து, எழுபதாவது நிமிடத்தில் கோல் வாங்கிக் கொடுப்பார். ஐந்து மாற்று வீரர்கள் என்ற விதி இருப்பதால் இவரை முன்களத்தில் வைத்துச் சமாளிக்கலாம், சென்டர் பேக்காக வைத்தால் ஒவ்வோர் ஆட்டமும் தலைவலி. இதோடு குழப்பிக்கொள்ளப்படுவது நேச்சுரல் ஃபிட்னெஸ். அதன் வேலை தொண்ணூறு நிமிடத்துக்குள் இல்லை. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் உடம்பு எவ்வளவு வேகமாகத் தேறுகிறது, வயதானபின் எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்பதை அதுதான் சொல்லும்.

பேஸ் உச்ச வேகம், ஆக்சிலரேஷன் அந்த வேகத்தை எட்டும் வேகம். ஐந்து கஜத்துக்குள் திரும்பி ஆடும் உள் விங்கருக்கு ஆக்சிலரேஷனும் அஜிலிட்டியும் (சட்டென உடலைத் திருப்பும் லாவகம்) முக்கியம். எதிர்த்தாக்குதலில் அரை மைதானம் ஓடுபவருக்கு பேஸ்.

ஆஃப் த பால் இல்லாத ஃபினிஷிங் இன்னொரு பொறி. கோல் அடிக்கத் தெரியும், கோல் அடிக்கும் இடத்துக்கு வரத் தெரியாது. ஃபினிஷிங் 17, ஆஃப் த பால் 9 என்பவரைவிட 13-க்கு 15 உள்ளவர் சீசன் முடிவில் அதிக கோல் அடிப்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கலாம். பொசிஷனிங் தடுக்கும்போது நிற்கும் இடம், ஆஃப் த பால் தாக்கும்போது நிற்கும் இடம். ஸ்ட்ரைக்கரின் பொசிஷனிங் 5 என்று கவலைப்படுவது தேவையற்றது.

சில பண்புகள் அதிகம் என்றால் நல்லது என்ற கணக்கிலேயே வராதவை. அக்ரஷன், கோல்கீப்பரின் பஞ்சிங் (பந்தைப் பிடிக்காமல் குத்தித் தள்ளுவது), எக்சென்ட்ரிசிட்டி (எதிர்பாராததைச் செய்யும் போக்கு) ஆகியவை ஒருவரின் சுபாவத்தைச் சொல்கின்றன. எக்சென்ட்ரிசிட்டி 16 உள்ள கோல்கீப்பர் பந்தோடு நடுக்களம் நோக்கி உலா போனால் அதிர்ச்சி அடையாதீர்கள், கேம் முன்பே சொல்லிவிட்டது.

மூன்றாம் படி: உங்கள் லீகின் அளவுகோலைக் கண்டுபிடியுங்கள்

பேஸ் 13 நல்லதா? இங்கிலாந்தின் ஆறாவது அடுக்கில் அவர் மின்னல். பிரீமியர் லீகில் விங்கராக வைத்தால் நத்தை. எண்ணுக்கு மதிப்பு லீக்தான் தருகிறது. அணி அறிக்கைக்குள் இருக்கும் ஒப்பீட்டுப் பக்கத்தில், உங்கள் அணி ஒவ்வொரு பண்பிலும் லீகில் எத்தனையாவது இடம் என்று தெரியும். முதல் சீசன் தொடங்கும் முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நெருக்கி ஆடும் திட்டத்தோடு வந்திருக்கிறீர்கள், வொர்க் ரேட்டில் உங்கள் அணி 18ஆவது என்றால், முதல் ஆண்டு திட்டத்தை மாற்றுங்கள். பதினோரு பேரையும் ஒரே கோடையில் மாற்றும் பணம் யாரிடமும் இல்லை.

ஒவ்வொரு முக்கியப் பண்புக்கும் ஒரு அடிக்கோடு போடுவது நல்லது. அதற்குக் கீழே என்றால் வேறு எது எவ்வளவு இருந்தாலும் வேண்டாம் என்ற கோடு. அந்த வேலையை லீகில் செய்யும் மற்றவர்களின் சராசரியிலிருந்து ஒன்றோ இரண்டோ குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: எடை போட்டுக் கணக்கிடுங்கள்

இரண்டு சென்டர் பேக்குகளை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை.

முதலாமவர்: பேஸ் 9, ஆக்சிலரேஷன் 9, ஆன்டிசிபேஷன் 13, பொசிஷனிங் 16, ஜம்பிங் ரீச் 17, டாக்ளிங் 15, ஹெட்டிங் 16, மார்க்கிங் 16, ஸ்ட்ரெங்த் 17. வெறும் சராசரி 14.2.

இரண்டாமவர்: பேஸ் 15, ஆக்சிலரேஷன் 14, ஆன்டிசிபேஷன் 15, பொசிஷனிங் 13, ஜம்பிங் ரீச் 13, டாக்ளிங் 14, ஹெட்டிங் 12, மார்க்கிங் 12, ஸ்ட்ரெங்த் 12. சராசரி 13.3.

மேலேறி நிற்கும் பின்வரிசைக்கு எடை போடுவோம். பேஸ், ஆக்சிலரேஷன், ஆன்டிசிபேஷன் மூன்றுக்கும் எடை 3. பொசிஷனிங், ஜம்பிங் ரீச், டாக்ளிங் மூன்றுக்கும் 2. மீதி மூன்றுக்கும் 1. மொத்த எடை 18. முதலாமவருக்கு 238, அதை 18ஆல் வகுத்தால் 13.2. இரண்டாமவருக்கு 248, அதாவது 13.8.

பின்னால் கூட்டமாக நிற்கும் ஆட்டத்துக்கு எடையை மாற்றுவோம். பொசிஷனிங், ஜம்பிங் ரீச், ஹெட்டிங் 3. மார்க்கிங், டாக்ளிங், ஸ்ட்ரெங்த் 2. ஓட்டமும் ஆன்டிசிபேஷனும் 1. இப்போது முதலாமவர் 274, அதாவது 15.2. இரண்டாமவர் 234, அதாவது 13.0.

ஆள் மாறவில்லை, எண் மாறவில்லை, வரிசை மட்டும் புரண்டுவிட்டது. சராசரியைப் பார்த்து முதலாமவரை வாங்கி மேலேறி நிற்கும் பின்வரிசையில் வைத்தவர், அவருக்குப் பின்னால் விழும் ஒவ்வொரு பந்துக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பேஸுக்கு 11 என்று அடிக்கோடு போட்டிருந்தால் கணக்குக்கே போயிருக்க வேண்டாம்.

24இல் அணிப் பட்டியல் திரையில் கன்ட்ரோலையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அதை வலைப்பக்கமாகச் சேமிக்கலாம். அங்கிருந்து எக்செலுக்குக் கொண்டுபோனால் முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் கணக்கு வந்துவிடும்.

ஐந்தாம் படி: பக்கத்து வீட்டுக்காரர் யார்?

தனித்தனியே பதினோரு நல்ல தேர்வுகளைச் செய்துவிட்டு, அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் அணியைக் கட்டிவிட முடியும். ஒருவரின் குறையைப் பக்கத்தில் நிற்பவர் மூட வேண்டும்.

உங்கள் ரைட் விங்கர் உள்ளே வெட்டி ஆடுபவர், வொர்க் ரேட் 8 என்றால், அவருக்குப் பின்னால் நிற்கும் ஃபுல் பேக் தனியாளாக இரண்டு பேரைச் சமாளிக்கப் போகிறார். அந்த ஃபுல் பேக்குக்கு ஸ்டாமினா, பேஸ், டாக்ளிங் மூன்றும் வேண்டும், அல்லது அந்தப் பக்க நடுக்கள வீரர் அங்கே ஓடி வருபவராக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எதிரணிகள் அந்தப் பக்கத்திலேயே கடை விரிக்கும்.

சென்டர் பேக் ஜோடியில் ஒருவர் முன்னால் போய் மோதுபவர், அக்ரஷனும் பிரேவரியும் உள்ளவர் என்றால், மற்றவர் வேகமும் ஆன்டிசிபேஷனும் உள்ளவராக இருக்கட்டும். இருவருமே மோதப் போனால் பின்னால் வெட்டவெளி.

உயரமான ஸ்ட்ரைக்கரை வாங்கும் முன் கிராஸிங் 13-க்கு மேல் உள்ளவர்கள் அணியில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பூஜ்யம் என்றால் அந்தப் பணத்தை விங்கருக்குக் கொடுங்கள்.

ஒருவரை அவருக்குப் பழக்கமில்லாத இடத்தில் வைத்தால் எண்கள் அப்படியே இருந்தாலும் முடிவெடுப்பதில் தடுமாறுவார். பயிற்சியில் புதிய இடத்தைப் பழக்கலாம், மாதக்கணக்கில் ஆகும்.

திரையில் இல்லாதவை

கன்சிஸ்டன்சி (எப்போதும் ஒரே சீராக ஆடுவது), பெரிய ஆட்டங்களில் ஆடும் துணிவு, காயப்படும் சுபாவம், தொழில் ஒழுக்கம், அழுத்தம் தாங்கும் மனம் போன்ற பண்புகளை கேம் எண்ணாகக் காட்டாது. வீரர்களை நோட்டமிட நீங்கள் அனுப்பும் ஸ்கவுட்டின் அறிக்கையில், நிறை குறைப் பட்டியலில் ஒரு வரியாக வரும். சீரற்ற ஆட்டம் என்று எழுதியிருந்தால் அதைச் சாதாரணமாகத் தாண்டிப் போகாதீர்கள். திரையில் தெரியும் எண்களோடு அவர் எல்லா ஆட்டத்திலும் களமிறங்குவதில்லை என்று அர்த்தம். ஒழுக்கத்தை அவர் குணத்துக்குப் போட்டிருக்கும் பெயரிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். புரொஃபஷனல், மாடல் சிட்டிசன் போன்றவை நல்ல அறிகுறிகள். இளம் வீரர் வளர்வதற்கு இந்த ஒழுக்கம் பெரிய உரம். மூத்தவர் இளையவரை வழிநடத்தும் மென்டரிங் குழுவில், மூன்று பேருக்குக் குறையாமல், நல்ல குணமுள்ள மூத்தவரோடு இளையவர்களைச் சேர்த்தால் குணம் மெல்ல ஒட்டும். கெட்ட குணமும் அப்படியே ஒட்டும் என்பதால் மூத்தவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பண்புகளை மறைக்கும் அமைப்பை இயக்கத்தில் வைத்து ஆடினால், தெரியாத வீரருக்கு 9-14 என்று வீச்சு மட்டுமே தெரியும். கணக்கில் நடு எண்ணைப் போடாமல் கீழ் எண்ணைப் போடுங்கள். அப்படியும் தேறுகிறாரா, அடுத்த ஸ்கவுட்டை அனுப்புங்கள்.

வயதையும் சேர்த்துப் பாருங்கள். முப்பதைத் தாண்டியதும் உடல் பண்புகள் இறங்கத் தொடங்கும், மனப் பண்புகள் நிற்கும் அல்லது இன்னும் கூடும். 31 வயது விங்கரின் ஆட்டம் ஓட்டத்தை நம்பியிருந்தால் நான்காண்டு ஒப்பந்தம் தற்கொலை. அதே வயதில் டிசிஷன்ஸும் பொசிஷனிங்கும் 16 உள்ள சென்டர் பேக் இன்னும் சில ஆண்டு உழைப்பார். இளையவர்களுக்குத் தனிப் பயிற்சியில் முதலில் வேகத்தைக் கொடுங்கள், இருபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு அது கூடுவது அரிது. திறன் உச்சத்தை எட்டியவருக்குப் பயிற்சி கொடுத்தால் பை பெரிதாகாது, ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொன்றுக்குக் காசு மாறும், அவ்வளவே.

பிரீமியர் லீகில் ஆடினால் 25 பேர் பட்டியலில் இங்கிலாந்து, வேல்ஸ் கிளப்புகளில் வளராதவர்கள் 17 பேருக்கு மேல் கூடாது என்ற விதியும் கணக்கில் வரும். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது பொருந்தாது. அதனால்தான் உள்ளூரில் வளர்ந்த சுமாரான மாற்று வீரருக்குக்கூட அநியாய விலை கேட்கிறார்கள்.

இஏ எஃப்சி ஆடுபவர்களுக்கு ஒரு குறிப்பு

நீங்களே வீரர்களை இயக்கி ஆடும் அந்தக் கால்பந்து கேமில், கோல்கீப்பர் தவிர்த்த வீரரின் அட்டையில் தெரியும் ஆறு எண்களும் கலவைகள். பேஸ் என்பது ஸ்பிரின்ட் ஸ்பீடில் 55 சதவீதமும் ஆக்சிலரேஷனில் 45 சதவீதமும் சேர்ந்தது. ஆக்சிலரேஷன் 92, ஸ்பிரின்ட் 76 என்றால் 83. ஆக்சிலரேஷன் 74, ஸ்பிரின்ட் 90 என்றாலும் 83. அட்டையில் இரட்டைப் பிள்ளைகள், களத்தில் முதலாமவர் நின்ற இடத்திலிருந்து கழன்றுவிடுவார், இரண்டாமவருக்கு நீண்ட சாலை வேண்டும். பிசிக்கல் என்ற எண்ணில் ஸ்ட்ரெங்த் மட்டும் பாதி, ஸ்டாமினா கால் பங்கு. பிசிக்கல் 85 என்று நம்பி நடுக்களத்தில் வைத்தவர் எழுபதாவது நிமிடத்தில் நடக்கத் தொடங்கினால் காரணம் அதுதான். அட்டையைத் திறந்து உள்ளே இருக்கும் எண்களைப் பாருங்கள்.

பத்து ஆட்டம் கழித்துச் சோதனை

ஓரிரு தோல்வியில் பதறி அணியைக் கலைக்காதீர்கள். பத்து ஆட்டம் ஆகட்டும், பிறகு வாங்கிய கோல்களை வரிசையாகப் போட்டுப் பாருங்கள்.

பின்வரிசைக்குப் பின்னால் விழும் பந்தில் கோல் போகிறது என்றால் சென்டர் பேக் வேகம் போதவில்லை, அல்லது முன்னால் நெருக்குபவர்கள் ஓடவில்லை. எதிரணிப் பாஸ் போடுபவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைத்ததா என்று ரீப்ளேயில் கவனித்தால் எது என்று பிரித்துவிடலாம். நேரம் கிடைத்திருந்தால் குறை முன்களத்தில். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கோல்கள் குவிந்தால் ஸ்டாமினாவும் கான்சன்ட்ரேஷனும். பந்து நம்மிடம் அறுபது சதவீதம் இருந்தும் ஷாட்கள் தொலைவிலிருந்தே போகின்றன என்றால் ஆஃப் த பால் குறைவு, அல்லது விஷன் உள்ளவர் ஒருவர்கூடக் களத்தில் இல்லை. நல்ல வாய்ப்புகள் கிடைத்தும் வீணாகின்றன என்றால் ஃபினிஷிங்கைவிட முதலில் கம்போஷரை, அதாவது பதறாத நிதானத்தை, பாருங்கள்.

ஒரு சந்தைக் காலத்தில் இரண்டு இடங்களுக்கு மேல் மாற்றாதீர்கள். ஐந்து பேரை மாற்றிவிட்டு அணி தேறினால், யாரால் தேறியது என்று அடுத்த ஆண்டு விற்கும்போது உங்களுக்கே தெரியாது.